ஷூவோடு தூங்கும் பையனும் 43 இணைப்புகளும்: எதைப் படிப்பது, யாரைக் கேட்பது?

கேள்வி: பத்துமாத அப்பா

வணக்கம். பல மாதமாக இங்கே படிக்க மட்டும் வந்துகொண்டிருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மகனுக்கு ஏழு வயது. எங்களிடம் வந்து பத்து மாதம் ஆகிறது. நான்கு வயது வரை ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருந்தான். அப்புறம் இரண்டரை வருடம் ஓர் அம்மாவின் வீட்டில், வளர்ப்புப் பராமரிப்பில் (நிரந்தரக் குடும்பம் கிடைக்கும்வரை தற்காலிகமாக வைத்து வளர்ப்பது). அங்கிருந்து நாங்கள் தத்தெடுத்தோம்.

முதல் மாதம் நாங்கள் இரண்டு பேரும் திணறிப்போனோம். எங்கள் சமூகப் பணியாளரிடம் சொன்னோம். பாவம், அவர் கையில் எத்தனை குடும்பங்களோ, அன்று இரவே மின்னஞ்சல் அனுப்பினார். "இவை உங்களுக்கு உதவும்" என்று ஒரே ஒரு வரி. கீழே 43 இணைப்புகள். குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பைப் பற்றி 43 இணைப்புகள்! கட்டுரை, காணொளி, பயிற்சி வகுப்பு, ஆராய்ச்சித் தாள், யாரோ ஓர் அம்மாவின் வலைப்பதிவு, ஏதோ ஓர் அரசின் 200 பக்கக் கையேடு. ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, பையன் தூங்கியபின் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தோம். அடம்பிடித்தால் பக்கத்திலேயே உட்காருங்கள் என்கிறது ஒன்று. கண்டுகொள்ளாதீர்கள் என்கிறது இன்னொன்று. மூன்றாவது ஒன்று, இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறது. அழுது ஓயும்வரை விடக்கூடாதாம். அதைப் படித்ததும் மனைவி மடிக்கணினியை மூடிவிட்டாள். அதற்கப்புறம் நாங்கள் எதையும் திறக்கவில்லை.

இப்போது எங்களை உறுத்துவது மூன்று விஷயம்.

ஒன்று, பையன் ஷூ போட்டுக்கொண்டுதான் தூங்குகிறான். வந்த நாளிலிருந்தே. கழற்றச் சொன்னால் கழற்றுவான். விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் வெளியே வந்ததும் போட்டுக்கொள்வான். லேஸை இரட்டை முடிச்சாகப் போடுகிறான், அதுவும் இருட்டில். படித்ததை வைத்து நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன்: எந்த நேரமும் கிளம்பச் சொல்லிவிடுவார்கள் என்று பயப்படுகிறான். அதனால் தினமும் படுக்கும்போது, "நீ எங்கேயும் போகவேண்டாம், இது உன் வீடு" என்று சொல்கிறேன். பத்து மாதமாகச் சொல்கிறேன். "சரிப்பா" என்கிறான். ஷூ மட்டும் கழலவில்லை.

இரண்டு, பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் கொடுக்கவேண்டும். அந்தத் தாளை எட்டாக மடித்து ஷூவுக்குள் வைத்துக்கொண்டான். வகுப்பில் பேசவும் மாட்டேன் என்கிறான்.

மூன்று, வளர்த்த அந்த அம்மாவைக் கேட்கிறான். பெரியம்மா என்றுதான் சொல்வான். பெரியம்மா எங்கே, பெரியம்மாவுக்கு முட்டி வலி சரியாயிற்றா என்று. ஒப்படைத்த அன்று அலுவலகத்தில், "கொஞ்ச காலம் தொடர்பு வேண்டாம், பழசு மறந்தால்தான் புதுசு ஒட்டும்" என்றார்கள். அந்தக் கொஞ்ச காலம் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. எங்களிடம் அவருடைய எண் இருக்கிறது. இதுவரை போன் செய்யவில்லை. அவன் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறோம்.

43-இல் எதைப் படித்தால் போதும்? படித்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில்: நோட்டு அக்கா

தம்பி, 40-ஐ மூடிவிடுங்கள். மிச்சம் மூன்றை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்தப் பெரியம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள்.

நான் 19 வருடமாக வளர்ப்புப் பராமரிப்பில் குழந்தைகளை வைத்திருப்பவள். 14 பேர் வந்து போயிருக்கிறார்கள். மூன்று நாள் இருந்தவனும் உண்டு, ஐந்து வருடம் இருந்தவளும் உண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நோட்டுப் போடுவேன். அதில் பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. இடது காதில் தண்ணீர் போனால் சீழ் வைக்கும். முடி வெட்டும் மெஷின் சத்தம் ஆகாது, கத்தரியால் வெட்டவும். புளுகும்போது மூக்கைத் தொடுவாள். தூங்கப் போகும்போது "குட் நைட்" சொன்னால் அழுவாள், "காலையில் பார்க்கலாம்" என்று சொல்லவும். இப்படி 70, 80 பக்கம். குழந்தை கிளம்பும் அன்று நோட்டையும் அலுவலகத்தில் கொடுத்துவிடுவேன்.

ஒரு பெண்குழந்தை போய் ஒரு வருடம் கழித்து, அவளைத் தத்தெடுத்த அம்மா எப்படியோ என் எண்ணைக் கண்டுபிடித்துப் பேசினார். முடி வெட்டக் கூட்டிக்கொண்டு போனால் தெருவே கூடும்படி கத்துகிறாளாம். மூன்று பேரிடம் காட்டியிருக்கிறார்கள். ஒருவர் மனநல மருத்துவர். "நோட்டில் எழுதியிருந்தேனே அம்மா" என்றேன். "எந்த நோட்டு?" என்றார். அலுவலகத்தில் ஃபைலோடு சேர்த்துக் கட்டி அலமாரியில் வைத்திருந்தார்கள். கட்டிய நூலைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை.

அது போகட்டும். அந்தக் குழந்தையிடம் போனைக் கொடுத்தார்கள். ரொம்ப நேரம் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம், "நீ செத்துப்போகலையா?" என்று கேட்டாள். என்னைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அந்த வீட்டில் பேச்சை மாற்றியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான். ஆனால் பெரியவர்கள் ஒருவரைப் பற்றிப் பேச்சை மாற்றினால் குழந்தை வேறு என்ன நினைக்கும்? தம்பி, நீங்கள் எழுதியதில் என்னைக் குத்தியது ஷூ இல்லை, அந்தப் "பேச்சை மாற்றிவிடுகிறோம்"தான். முட்டி வலியை விசாரிக்கிறான் என்றால் அவன் கவலைப்படுகிறான் என்று அர்த்தம்.

போனில் முதலில் நீங்கள் தனியாகப் பேசுங்கள். "எப்படி இருந்தான்?" என்று கேட்டால், "நல்ல பையன்" என்பார், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். அப்படிக் கேட்காதீர்கள். "ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது வரை உங்கள் வீட்டில் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். எந்தப் பக்கம் படுப்பான், விளக்கு எரியுமா, யார் முதலில் எழுந்திருப்பார்கள், காய்ச்சல் வந்தால் என்ன கேட்பான். ஷூவையும் கேளுங்கள். நான் யூகித்துச் சொல்லமாட்டேன். 14 குழந்தைகளில் நான் யூகித்ததெல்லாம் பாதிக்கு மேல் தப்பு.

அவன் பேசுவதாக இருந்தால் அன்று காலையில் சொன்னால் போதும். ஒரு வாரம் முன்னாலேயே சொன்னால் ஏழு ராத்திரி தூங்கமாட்டான். பேசியபிறகு இரண்டு மூன்று நாள் அடம், அழுகை, படுக்கை நனைவது எல்லாம் வரலாம். அதைப் பார்த்துப் பயந்து, "போன் பண்ணியதால்தான் கெட்டுப்போனான்" என்று நிறுத்திவிடாதீர்கள். உள்ளே அடைத்து வைத்திருந்தது வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. அவர் வீட்டிலிருந்து வந்த போர்வை, துணி ஏதாவது இருந்தால், இனிமேலாவது அவனைக் கேட்காமல் துவைக்காதீர்கள். வாசனை போய்விடும்.

---

பதில்: ஃபைல்கட்டு

43 இணைப்பு அனுப்பியவர் நான் இல்லை. ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம். பன்னிரண்டு வருடமாகச் சமூகப் பணியாளர் வேலையில் இருக்கிறேன். என்னிடமும் அப்படி ஒரு பட்டியல் இருந்தது. ஒரு குடும்பம் அழைத்து அழும்போது, நேரில் போக நேரமில்லாத குற்ற உணர்ச்சியை இணைப்புகளாக மாற்றி அனுப்பிவிடுவது. அதை "உதவி" என்று என் மாத அறிக்கையிலும் எழுதியிருக்கிறேன்.

முதலில் அந்த மூன்றாவது கட்டுரை. உங்கள் மனைவி மடிக்கணினியை மூடியது மிகச் சரி. குழந்தையைப் பலவந்தமாகப் பிடித்துவைத்து "பிணைப்பு" உண்டாக்குவது என்று ஒரு முறை ஒரு காலத்தில் பரவியது. 2000-இல் அமெரிக்காவின் கொலராடோவில் தத்தெடுக்கப்பட்ட பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, "மறுபிறப்புச் சிகிச்சை" என்ற பெயரில் துணியில் சுற்றப்பட்டு, மேலே பெரியவர்கள் அழுத்தியதில் மூச்சு முட்டி இறந்தாள். மூச்சுவிட முடியவில்லை என்று அவள் சொன்னதை அடம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே அந்த மாநிலம் அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 2006-இல் குழந்தை வதை தொடர்பான அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தின் பணிக்குழு, இப்படிப் பலவந்தம் செய்யும் எந்த முறையும் கூடாது என்று அறிக்கை கொடுத்தது. அப்படியும் புதுப் பெயர்களில் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் பட்டியலுக்குள்ளேயே வந்திருக்கிறது என்றால், அனுப்பியவர் அதைப் படித்துப் பார்க்கவில்லை. அவரிடம் சொல்லுங்கள், கோபப்படாமல். குழந்தை "வேண்டாம்" என்று சொன்னபிறகும் தொடரச் சொல்லும் எதையும் மூடிவிடுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாலே பட்டியல் பாதியாகிவிடும்.

பட்டியலில் ஆராய்ச்சித் தாள்கள் இருப்பதாகச் சொன்னீர்கள். அநேகமாக இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கும், ருமேனியாவும் புக்கரெஸ்டும். 1990-க்குப் பிறகு ருமேனியாவிலிருந்து, பெரும்பாலும் அங்கிருந்த இல்லங்களிலிருந்து, இங்கிலாந்துக்குத் தத்து வந்த 165 குழந்தைகளை மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவரின் குழுவினர் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தார்கள். ஆறு மாதத்துக்குள் இல்லத்தை விட்டு வந்தவர்கள் ஏறக்குறைய மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் இருந்தவர்களில் பலருக்குச் சிக்கல்கள் நீடித்தன. ருமேனியாவின் தலைநகர் புக்கரெஸ்டில் 2000 வாக்கில் 136 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் பல வகையில் தேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் அதிகம் தேறினார்கள். இதையெல்லாம் இரவு பதினொரு மணிக்குப் படிக்கும் அப்பா, "நான்கு வயது வரை இல்லத்தில் இருந்தானே, எல்லாம் முடிந்ததா?" என்று உட்கார்ந்துவிடுவார். அது தவறான வாசிப்பு. ரட்டர் ஆய்விலேயே, ஆறு மாதத்துக்கு மேல் இல்லத்தில் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவர் எந்தக் காலத்திலும் பெரிய சிக்கல் எதுவும் இல்லாமல் வளர்ந்தார்கள். அந்தத் தாள்கள் அரசாங்கங்களுக்காக எழுதப்பட்டவை: குழந்தைகளை இல்லத்தில் வைக்காதீர்கள், குடும்பத்தில் வையுங்கள் என்று சொல்ல. உங்கள் பையனின் ஜாதகம் அதில் இல்லை. அவனுக்கு நடுவில் இரண்டரை வருடம் ஒரு பெரியம்மா கிடைத்திருக்கிறார். அந்த ஆய்வாளர்கள் அதைக் கணக்கில் சேர்த்தால் சந்தோஷப்படுவார்கள்.

நடைமுறைக்கு என்றால் இரண்டு சொல்வேன். டேனியல் ஹியூஸ் என்ற உளவியலாளரின் அணுகுமுறை ஒன்று: விளையாட்டுத்தனம், ஏற்பு, அறியும் ஆவல், பரிவு, இந்த நான்கும்தான். மூன்றாவதைக் கவனியுங்கள். ஷூவைப் பற்றி உங்களிடம் கேள்வியே இல்லை, பதில்தான் இருந்தது. பத்து மாதமாக அந்தப் பதிலை அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். "ஷூ போட்டால் எப்படி இருக்கும்?" என்று ஒரு தடவை கேட்டீர்களா? (குறை சொல்லவில்லை. நானும் வீட்டில் அப்படித்தான், என் மகளைக் கேட்டால் சொல்வாள்.) இன்னொன்று, டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் கேரின் பர்விஸும் டேவிட் கிராஸும் உருவாக்கிய டிபிஆர்ஐ, நம்பிக்கையை அடிப்படையாக வைத்து உறவை வளர்க்கும் ஒரு முறை. அதில் எனக்குப் பிடித்தது மிகச் சின்ன ஆலோசனை: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீரும் கொறிக்க ஏதாவதும் கொடுங்கள் என்பது. சாயங்கால அடத்தில் பாதி பசியும் தாகமும்தான் என்று பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

தொடர்பு விஷயத்தில் நோட்டு அக்கா சொன்னதற்கு என் தரப்பிலிருந்து ஒரு கையெழுத்து. "பழசு மறந்தால்தான் புதுசு ஒட்டும்" என்பது எங்கள் துறையின் பழைய நம்பிக்கை. இங்கிலாந்தில் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தார் வளர்ப்பு வீட்டிலிருந்து தத்து வீட்டுக்குப் போகும் குழந்தைகளைக் கவனித்து ஒரு நடைமுறை வகுத்திருக்கிறார்கள். அதில் வளர்த்தவர் சீக்கிரமே வந்து குழந்தையைப் பார்ப்பது திட்டத்தின் பகுதி. அவர் உயிரோடு இருக்கிறார், நினைக்கிறார், நீ இங்கே இருப்பதில் அவருக்குச் சம்மதம் என்று குழந்தை கண்ணால் பார்க்கவேண்டும். பேசுவதற்கு முன் உங்கள் பணியாளருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். நீதிமன்ற ஆணையிலோ பாதுகாப்புக் காரணத்தாலோ தடை இருந்தால் அது வேறு கதை. "கொஞ்ச காலம் வேண்டாம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னது தடை ஆகாது.

கடைசியாக, ஃபைல். இதுதான் நான் சொல்ல வந்ததே. அவனைப் பற்றி இல்லத்திலும் அலுவலகத்திலும் இருக்கும் ஒவ்வொரு தாளின் நகலையும் எழுத்தில் கேளுங்கள், இந்த மாதமே. எடை, தடுப்பூசி, யார் கொண்டுவந்து சேர்த்தது, என்ன உடுத்தியிருந்தான், புகைப்படம் உண்டா, கவனித்துக்கொண்டவர் யார். 1989-இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் ஏழாவது, எட்டாவது பிரிவுகள், தன் பெற்றோரை முடிந்தவரை அறியவும் தன் அடையாளத்தைக் காத்துக்கொள்ளவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கின்றன. நாடு விட்டு நாடு தத்துக்கான 1993 ஹேக் உடன்படிக்கையின் 30-வது பிரிவு, குழந்தையின் பூர்வீகத் தகவலையும் மருத்துவ வரலாற்றையும் பாதுகாத்து வைக்கச் சொல்கிறது. சட்டம் இருக்கிறது. ஆனால் கரையானும் அலுவலக இடமாற்றமும் சட்டத்துக்காகக் காத்திருப்பதில்லை. இல்லங்கள் மூடப்படும், பழைய ஆயாக்கள் ஓய்வு பெறுவார்கள். பதினெட்டு வயதில் அவன் கேட்கும்போது நான் ஓய்வு பெற்றிருப்பேன், உங்கள் பணியாளரும்தான்.

---

பதில்: சாக்பீஸ்

ஆசிரியை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

அந்தப் பாடத்தின் நோக்கம் உறவுச் சொற்களைக் கற்பது. மரம்தான் வரையவேண்டும் என்று எந்த நோக்கமும் இல்லை. வகுப்பு ஆசிரியரிடம் குழந்தை இல்லாத நேரத்தில் போய், "என் பையனுக்கு மட்டும் விலக்கு" என்று கேட்காதீர்கள், அது அவனைத் தனியாக நிறுத்திவிடும். "வகுப்பு முழுவதற்கும் மரம் அல்லது வீடு, எது வேண்டுமானாலும் வரையலாம் என்று சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். என் வகுப்பில் "என்னைக் கவனித்துக்கொண்டவர்கள் இருந்த வீடுகள்" என்று மாற்றினேன். அப்பா அம்மா பிரிந்த பிள்ளைகள், பாட்டியோடு வளர்பவர்கள் எல்லோரும் நிம்மதியாக வரைந்தார்கள். அவனுடைய கதையை ஆசிரியரிடம் முழுவதும் சொல்லவேண்டியதில்லை, அது அவனுடையது.

---

பதில்: எண் 31

நான் தத்துப்பிள்ளை. இப்போது வயது 36. மேலே எல்லோரும் பெற்றோர் பக்கமிருந்து எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதை எழுதுகிறேன்.

சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அம்மா மறைக்கவில்லை. நாலு வயதில் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நான் தத்து!" என்று நானே சொல்வேனாம், சட்டையைக் காட்டுவதுபோல். ஏழெட்டு வயதில் அது நின்றுபோனது. ஏன் நின்றது என்று பல வருடம் கழித்து டேவிட் பிராட்ஸின்ஸ்கி என்ற உளவியலாளரின் ஆய்வைப் படித்தபோது புரிந்தது. சின்னக் குழந்தை அந்தச் சொல்லைக் கிளிப்பிள்ளைபோல் சொல்லும். பள்ளி வயதில்தான், என்னை ஒருவர் எடுத்துக்கொண்டார் என்றால் அதற்கு முன்னால் ஒருவர் விட்டிருக்கவேண்டும் என்கிற கணக்கு உறைக்கும். எனக்கு அது உறைத்த இடம்கூட நினைவிருக்கிறது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம். அம்மா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். உங்கள் பையனுக்கு ஏழு. தாளை மடித்து ஒளிக்கிறான் என்றால் அந்தக் கணக்கைப் போட ஆரம்பித்திருக்கலாம். வீட்டில் அதைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தால் போதும். பாடம் நடத்தவேண்டாம். கார், பஸ், பாத்திரம் கழுவும் நேரம், இப்படி முகம் பார்க்கவேண்டாத இடமாகப் பாருங்கள்.

ஃபைல் பற்றி. 24 வயதில் கேட்டு வாங்கினேன். பதினொரு பக்கம். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் "எண் 31". உயரம், எடை, சளி, வயிற்றுப்போக்கு. பத்துப் பக்கத்தைப் பஸ் ஸ்டாண்டிலேயே படித்து முடித்துவிட்டேன், ஒன்றும் தோன்றவில்லை. பதினோராவது பக்கத்தின் ஓரத்தில், வேறு மையில், சாய்ந்த கையெழுத்தில் ஒரு வரி: "பால் குடிக்கும்போது பாடினால் கண்ணை மூடிக்கொள்கிறது." அவ்வளவுதான். கையெழுத்து இல்லை, தேதி இல்லை. யாரோ ஓர் ஆயா. அவருக்கு அதை எழுதவேண்டிய அவசியமே இல்லை. அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம்கூட இல்லை.

அந்த வரியை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். யாரோ எனக்குப் பாடியிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் தத்துப்போகும் குழந்தைக்கு வாழ்க்கைக் கதைப் புத்தகமும், பெரியவனானபின் படிக்க ஒரு கடிதமும் தயாரித்துத் தரவேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். கடிதத்தைக் குழந்தையை அறிந்த சமூகப் பணியாளர் எழுதுவார். உங்களுக்கு யாரும் தரவில்லை என்றால் நீங்களே செய்யலாம். ஒரு நோட்டு, தெரிந்தது தெரிந்தபடி, தெரியாத இடத்தில் வெறும் பக்கம். கதை கட்டாதீர்கள். "உன்னை ரொம்ப நேசித்ததால்தான் உன்னை விட்டார்" என்று என் அம்மா சொன்னார், ஆறுதலுக்கு. அதற்கப்புறம் அம்மா என்னை "ரொம்ப நேசிக்கிறேன்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பெரியம்மாவுக்குப் போன் செய்யுங்கள். அவருக்கு ஒரு நோட்டு அளவுக்குத் தெரியும்.

---

பத்துமாத அப்பா

மன்னிக்கவும், மூன்று வாரம் ஆகிவிட்டது. எல்லோருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லவேண்டும், அக்கா உங்களுக்கு முதலில்.

பணியாளருக்கு எழுதினேன். மறுநாளே, "தாராளமாகப் பேசுங்கள், நானே சொல்லியிருக்கவேண்டும்" என்று பதில். அந்தக் கட்டுரை பற்றியும் சொன்னேன். பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாராம். ஃபைல் நகலுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம், இன்னும் வரவில்லை.

பள்ளியில் சாக்பீஸ் டீச்சர் சொன்ன மாதிரியே கேட்டேன். ஆசிரியர் இரண்டு நிமிடத்தில் சரி என்றார். அவன் மூன்று வீடு வரைந்தான். முதல் வீட்டுக்கு ஜன்னல் நிறைய, கதவு இல்லை. நடுவில் இருப்பதுதான் பெரிய வீடு, அதற்குப் புகைபோக்கிகூட இருக்கிறது. அது எங்களுடையது இல்லை. எங்களுடையது ஓரத்தில், சின்னதாக, வர்ணம் பாதி அடித்தபடி. மனைவி அதை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள். "இன்னும் முடியல" என்று அவனே சொன்னான்.

பெரியம்மாவிடம் முதலில் நான்தான் பேசினேன். யார் என்று சொன்னதும் ஐந்து நிமிடம் அழுதார். அப்புறம் எட்டிலிருந்து ஒன்பது வரை என்ன நடக்கும் என்று கேட்டேன், அக்கா சொன்னபடி. கையில் பேனா வைத்துக்கொண்டேன். நாலு பக்கம் வந்தது. ஷூவைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

கிளம்பும் பயம் எதுவும் இல்லையாம். இல்லத்தில் எல்லா ஷூவையும் வாசலில் வரிசையாகக் கழற்றி வைப்பார்களாம். காலையில் முதலில் எழுந்தவன் நல்ல ஜோடியை எடுத்துக்கொள்வான். கடைசியில் எழுந்தவனுக்கு ஒற்றைகள் மிஞ்சும். இவன் தூங்குமூஞ்சி, தினமும் கடைசி. ஒரு மழைக்காலம் முழுக்க இரண்டு இடதுகால் ஷூவோடு நடந்திருக்கிறான். அதற்கப்புறம்தான் போட்டுக்கொண்டே தூங்க ஆரம்பித்தானாம். பெரியம்மா வீட்டில் ஒரு பழைய தகரப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை நூலில் கோத்து அவன் கழுத்தில் மாட்டியிருக்கிறார். அப்படியும் ஒன்றரை வருடம் ஆயிற்றாம். எங்களிடம் வந்தபோது பெட்டி வரவில்லை. நாங்கள் வாங்கி வைத்திருந்த புதுப் பைகளைப் பார்த்து, பழைய தகரத்தை எதற்கு என்று யாரோ விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

பையன் பேசும்போது நான் அறைக்கு வெளியே நின்றேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "என் சைக்கிள இப்ப யாரு ஓட்டறாங்க?" இரண்டாவது, முட்டி. பேசி முடித்த அன்று இரவும் மறுநாள் இரவும் படுக்கை நனைந்தது. மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. அடுத்த மாதம் பெரியம்மா நேரில் வருகிறார், தகரப் பெட்டியோடு.

அதுவரைக்கும் என்று ஒரு மரப்பெட்டி வாங்கி, பூட்டு மாட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். "இதுக்கு எத்தனை சாவி?" என்று கேட்டான். ஒன்றுதான் என்றேன். "உங்ககிட்ட இன்னொண்ணு இல்லையா?" இல்லை என்றேன். பூட்டை ஐந்தாறு தடவை திறந்து மூடிப் பார்த்தான்.

நேற்று இரவு எட்டிப்பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தான், சாவி கழுத்தில். ஒரு கால் வெறுங்கால். இன்னொரு காலில் ஷூ, இரட்டை முடிச்சோடு.